நான்காம் நிலையத்தின் எடைக்குறைப்பு

நாள் 396. காலை 08.15

செவ்வாய், நான்காம் பனிச்சுரங்க நிலையம். எழுதுவது மெல்பா, கட்டுப்பாட்டுப் பொறியாளர். ஆட்கள் இரண்டு பேர்: நானும், துளையிடும் வேலையைப் பார்க்கும் வீரணனும். அவர் நான்கு நாளாக 38 கிலோமீட்டர் தள்ளித் துளைக் குடிலில் இருக்கிறார். வண்டி அவரிடம்.

உள்வெப்பம் 19 டிகிரி. அழுத்தம் 52 கிலோபாஸ்கல். பேட்டரி 94 சதவீதம். இரண்டாம் வடிகட்டி மாற்றப்பட்டது. குடிலில் இருந்து வந்த கணக்கு: பனி உருக்கி எடுத்த தண்ணீர் 61 லிட்டர்.

தக்காளிச் செடியில் மூன்று காய். இது பதிவேட்டுக்கான விஷயம் இல்லை. வீரணன் எழுதச் சொன்னார். அவர் வரும்வரை பறிக்கக் கூடாதாம்.

நாள் 398. மதியம் 13.40

தூசிப்புயல் காலையில் வந்து சேர்ந்தது. சூரியத் தகடுகளின் வரத்து ஒன்பது சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. பூமிக்கு ஒரு செய்தி போக இப்போது பதினான்கு நிமிடம், பதில் வர இன்னொரு பதினான்கு. செயல்பாட்டுத் தலைவர் கிருத்திகா வரதராஜனின் குரல் செய்தி 13.20க்கு வந்தது:

"மெயின் மெஷின இறக்கிடுங்க மெல்பா. அது ஒண்ணே பாதி கரண்ட தின்னுது. எல்லாத்தையும் சின்ன போர்டுக்கு மாத்துங்க. ஹீட்டர், காத்து, ரேடியோ, இது மூணும் ஓடினா போதும்."

சரியான முடிவு. பெரிய மெஷினை, அதாவது நிலையத்தின் முதன்மைக் கணினியை, நிறுத்தினேன்.

நாள் 399. காலை 11.05

சின்ன போர்டில் கட்டுப்பாடு எழவில்லை. மூன்று முறை முயன்றாயிற்று.

இதைக் கண்டெடுப்பவர் என் தொழில் அறியாதவராக இருக்கலாம் என்பதால் விளக்குகிறேன். இங்கே வால்வு, கதவு, விசிறி எல்லாவற்றையும் நடத்துவது 'மடை' என்ற மென்பொருள், ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதிய லைப்ரரி. எந்த அழுத்தத்தில் எந்தக் கதவு திறக்க வேண்டும் என்பது போன்ற விதிகள் தனிக் கோப்புகளில் இருக்கின்றன. மடை ஒவ்வொரு முறை எழும்போதும் அந்த விதிகளை இயந்திரம் ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்ற ஒரு கம்பைலரைக் கூப்பிடும். கம்பைலர் ஒன்றுதான். ஆனால் அது தன் பின்னால் 312 பேக்கேஜுகளை, அதாவது பிறர் எழுதிய துணை நிரல்களை, இழுத்துக்கொண்டு வரும். மொத்தம் 140 எம்பி. பெரிய மெஷினுக்கு அது நாற்பது நொடி வேலை. சின்ன போர்டில் 41 நிமிடம் திணறி, நினைவகம் போதாமல் செத்துப்போகிறது.

அந்த 41 நிமிடமும் காற்று வால்வுகளை நான் கையால் திருப்பிக்கொண்டிருந்தேன். மூன்று முறை. இப்போது பேனா பிடித்து எழுத முடியாது. நல்லவேளை, இது தொட்டு எழுதும் கைக்கருவி. அதற்குத் தனி பேட்டரி.

ஒரு பழைய கதையையும் எழுதிவிடுகிறேன். நான்கு வருடத்துக்கு முன், பூமியில் அலுவலகத்தில் இருந்தபோது, இந்தக் கம்பைலரை எடுத்துவிட்டு இரண்டு சின்னக் கருவிகளை வைத்தால் போதும் என்று ஒரு திருத்தம் அனுப்பினேன். மூன்று வாரம் உட்கார்ந்து செய்தது. மடையை எழுதிய நல்லசிவன் அதை ஏற்காமல் மறுநாளே பதில் போட்டார்: "இப்போது தேவையில்லை. மூடுகிறேன்." அந்த மூன்று சொல்லையும் நான் மறக்கவே இல்லை.

நாள் 399. மாலை 16.30

கிருத்திகாவுக்கு எழுதினேன். கம்பைலரை அகற்ற அனுமதி வேண்டும். விதிகள் மொத்தம் 1,140. ஒவ்வொன்றையும் புதிய கருவியில் ஓட்டிப் பார்க்க இரண்டு நாள் வேண்டும். பதில்:

"ரெண்டு நாள்லாம் முடியாது மெல்பா. நீங்க கையால வால்வு திருப்பிட்டு எத்தனை நேரம் முழிச்சிருப்பீங்க? ஆறு மணி நேரம் எடுத்துக்கோங்க. லைப்ரரி கூடவே வர்ற டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆச்சுன்னா லைவ் பண்ணிடுங்க. நான் பொறுப்பு."

கூடவே இன்னொரு குரல். நான்கு வருடத்துக்குப் பிறகு கேட்கிறேன்.

"மெல்பா, நல்லசிவன் பேசுதேன். நீங்க அன்னைக்கு அனுப்புன திருத்தத்தத் தேடி எடுத்துப் பாத்தேன். நல்லாத்தான் செஞ்சிருக்கிய. அதையே வச்சு ஆரம்பிங்க. வேற சிக்கல் ஒண்ணும் இருக்காதுன்னு நெனைக்கேன்."

நாள் 400. காலை 09.50

முடிந்தது. வால்வு திருப்பும் இடைவெளிகளில் செய்தது, கூட்டினால் ஐந்து மணி நேரம் இருபது நிமிடம்.

கம்பைலர் போயிற்று. அதன் இடத்தில் இரண்டு சின்னக் கருவிகள். ஒன்று, விதிக்கோப்பில் மனிதர் படிப்பதற்காக எழுதிய குறிப்புகளை உரித்தெடுத்துவிட்டு வெறும் கட்டளையை மட்டும் விட்டுவைக்கும். மற்றது நான் எழுதிய 430 வரி. அந்தக் கட்டளைகளைப் படித்து வரிசைப்படுத்தும். 312 பேக்கேஜுகளையும் ஒவ்வொன்றாக அழித்தேன். ஒரே கட்டளையில் அழித்திருக்கலாம். ஒவ்வொன்றாக அழிக்க ஆசையாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை இங்கே மறைக்க விரும்பவில்லை.

மடையின் அளவு இப்போது 3 எம்பி. சின்ன போர்டில் எழ 1.9 நொடி. சோதனைகள் 88, எல்லாம் தேறின. வால்வுகள் தாமாகத் திரும்புகின்றன. தூங்கப் போகிறேன்.

நாள் 401. காலை 10.15

குடிலின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் பழைய பதிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. அதை அப்படியே விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தேன். கிருத்திகாவின் பதில், எல்லா இடத்திலும் ஒரே பதிப்பு இருக்க வேண்டும், குடிலையும் மாற்றுங்கள் என்று. நான் எதிர்த்துப் பேசவில்லை. உண்மையைச் சொன்னால், கேட்டதே ஒப்புக்குத்தான். என் வேலை அங்கேயும் ஓடுவதைப் பார்க்க எனக்கு விருப்பம் இருந்தது.

குடிலுடன் ரேடியோ நேரடி. வீரணன்:

"போடுத்தா, போடு. இந்தப் பொட்டி ஒவ்வொரு தடவ எந்திரிக்கும்போதும் பேட்டரியக் குடிச்சிப்பிடுது. ஒன் புண்ணியத்துல ராவுக்குக் கொஞ்சம் ஹீட்டரு போட்டுக்கிருவேன்."

போட்டேன். இரண்டு நொடி.

நாள் 405. மதியம் 12.30

புயல் குறையவில்லை. பேட்டரி 51. வெப்பம் 12 டிகிரிக்குக் குறைத்து வைத்திருக்கிறேன்.

பூமியில் இருந்து பாராட்டுச் செய்தி. புதிய மடையை அங்குள்ள தரைநிலையத்திலும் சோதித்தார்களாம். 88 சோதனையும் தேறியதாம். மற்ற நான்கு நிலையங்களுக்கும் இதையே அனுப்புகிறார்கள். பதிப்புக் குறிப்பில் என் பெயர் இருக்கிறது. நல்லசிவன் பெயர் எனக்குக் கீழே.

மூன்று முறை படித்தேன்.

நாள் 409. காலை 10.25

பேட்டரி 33. குடிலின் தகடுகளில் தூசி ஏறி, அங்கே மின்சாரம் இன்னும் மோசம். வீரணன் துடைக்க வெளியே போகிறார். பத்து நாளில் முதல்முறை. அவருடைய விண்வெளி உடையில், சூட்டில், காற்று மூன்று மணி பத்து நிமிடத்துக்கு இருக்கிறது.

நாள் 409. 11.50

துடைத்துவிட்டுக் குடிலின் காற்றறைக்குள், அதாவது வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவிலுள்ள அறைக்குள், வந்துவிட்டார். காற்றறை நிரம்பவில்லை.

"ஏத்தா மெல்பா, செவப்பு லைட்டு எரியுது. காத்து வரல. உள்கதவு தாழ்ப்பாளு தானா விழுந்துக்கிருச்சு."

என் திரையில் குடில் சொல்வது: உள்ளே கசிவு, காற்று இல்லை, உள்கதவு பூட்டப்பட்டது. குடிலின் அழுத்தமானி காட்டுவது: 51.8. அது சரியான அளவு. கசிவே இல்லை.

நாள் 409. 11.58

இங்கிருந்து தாழைத் திறக்கக் கட்டளை அனுப்பினேன். மறுக்கிறது. கசிவு அபாயம் என்று ஒருமுறை அறிவித்துவிட்டால், குடிலுக்கு உள்ளே இருக்கும் மஞ்சள் பொத்தானை ஓர் ஆள் அழுத்தினால்தான் விடும். அழுத்த வேண்டிய ஆள் கதவுக்கு வெளியே நிற்கிறார்.

நாள் 409. 12.10

அந்த விதியையே நீக்கிப் புதிய கோப்பு அனுப்பினேன். அபாய நிலையில் பெட்டி புதிய கோப்பை ஏற்காது. பெட்டியை அணைத்து எழுப்பினேன். இரண்டு நொடியில் எழுந்து, அபாய நிலையை நினைவில் வைத்திருந்து, மறுபடி தாழைப் போட்டது.

வண்டியில் இருந்த மாற்றுக் காற்றுச் சிலிண்டரைப் போன வாரம்தான் அவர் பத்திரமாக இருக்கட்டும் என்று குடிலுக்குள் எடுத்து வைத்திருந்தார். வண்டி திறந்த வண்டி. இங்கு வர இந்தப் புயலில் நான்கு மணி நேரமாவது ஆகும். காற்று 13.35 வரை.

நாள் 409. 12.25

வெளிக்கதவைக் கையால் திறந்து, வண்டியில் இருந்து கடப்பாரை எடுத்து வந்திருக்கிறார். தாழை நெம்புகிறார்.

"நீ புதுசாப் பண்ண வேலையாத்தா இது?"

"தெரியலண்ணே. பாத்துக்கிட்டிருக்கேன்."

தெரியும் என்று எனக்கு அப்போதே தோன்றிவிட்டது.

நாள் 409. 12.55

"ஒரு விரக்கட அசைஞ்சிருக்கு. இரும்பு நல்ல இரும்பாப் போட்டுத் தொலைச்சிருக்காய்ங்க."

வேகமாக மூச்சு விடுகிறார். காற்று 13.35 வரை நிற்காது. 13.20 என்று காட்டுகிறது. கொஞ்சம் நிறுத்துங்கள் என்றேன்.

"நிறுத்துனா மட்டும் கூடவா வந்துரப் போகுது. நீ ஒன் வேலையப் பாரு, நான் ஏ வேலையப் பாக்குறேன்."

நாள் 409. 13.12

கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டார். உட்கார்ந்திருக்கிறேன் என்றார்.

"மெல்பா, பஞ்சவர்ணத்துக்கிட்டக் கசிவுன்னே சொல்லச் சொல்லு. தப்பு நடந்துபோச்சுன்னு தெரிஞ்சா அவ விட மாட்டா. உசிலம்பட்டிக்கும் மெட்ராசுக்குமா கோர்ட்டு கோர்ட்டா அலைஞ்சே செத்துப்போவா. கசிவுன்னா சாமி குத்தம்னு விட்டுருவா."

சரி அண்ணே என்றேன். பஞ்சவர்ணம் அவர் மனைவி.

நாள் 409. 13.19

"ஒண்ணுமில்லத்தா. நீ அழுவாத. ரேடியோவ மட்டும் அணைச்சுப்புடாத."

அணைக்கவில்லை.

நாள் 409. 13.41

நாடித்துடிப்பு இல்லை. உடல் வெப்பம் 36.1. ரேடியோ இன்னும் திறந்திருக்கிறது. சூட்டின் எச்சரிக்கை மணி கேட்கிறது. நிறுத்த இங்கிருந்து வழியில்லை.

நாள் 410. காலை 08.00

கண்டுபிடித்தேன். ஏழு நிமிடம்தான் ஆயிற்று. நேற்று ஏன் அந்த ஏழு நிமிடம் கிடைக்கவில்லை என்று கேட்காதீர்கள். வெளியில் இருந்து ஆள் உள்ளே வரும்போது மட்டும் ஓடும் விதி அது: குடிலின் அழுத்தம் 'கசிவளவு'க்குக் கீழே இருந்தால் உள்கதவைப் பூட்டு, காற்றறைக்குக் காற்று விடாதே. 'கசிவளவு' என்பது எவ்வளவு என்று இன்னொரு கோப்பில் இருக்கிறது. 480, பக்கத்தில் மில்லிபார் என்று எழுதியிருக்கிறது. பத்து மில்லிபார் ஒரு கிலோபாஸ்கல். அதாவது 48.

பழைய கம்பைலர் அந்த 'மில்லிபார்' என்ற சொல்லைப் படித்து 480ஐ 48 ஆக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது. என் கருவி, மனிதருக்கான குறிப்பு என்று நினைத்து அந்தச் சொல்லை உரித்துவிட்டது. மிஞ்சியது 480. குடிலில் இருந்தது 51.8. அந்தப் பெட்டியைப் பொறுத்தவரை வீரணனின் குடிலில் கிட்டத்தட்டக் காற்றே இல்லை. அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக் கதவைப் பூட்டியது.

88 சோதனையும் கிலோபாஸ்கலில் எழுதியவை.

நாள் 410. 11.30

நல்லசிவனிடம் இருந்து:

"மெல்பா... அந்த அலகு மாத்துத வேலைய நாந்தான் கம்பைலர்ல செருகுனேன். ரெண்டாம் நிலையத்துக்காரங்க மில்லிபார்ல எழுதிட்டு வந்து நின்னாங்க. மதியம் சாப்பாட்டுக்கு முந்தி பத்து நிமிஷத்துல எழுதிப் போட்டது. எங்கயும் குறிச்சு வைக்கல. எனக்கே மறந்துபோச்சு. நீங்க அன்னைக்குத் திருத்தம் அனுப்பும்போது ஒழுங்கா உக்காந்து படிச்சிருந்தா ஞாபகம் வந்திருக்கும். படிக்கல. பேரப் பாத்தேன், மூடிட்டேன். அதுதான் உண்ம."

நாலு வருடமாக எனக்குத் தேவைப்பட்ட வாக்கியம் இது. இப்போது வந்து என்ன செய்ய.

அவர் சொன்னதை வைத்துக் கருவியைத் திருத்தினேன். பதினொரு வரி. அனுப்பிவிட்டேன். மற்ற நிலையங்களில் இருப்பதும் இதே பதிப்பு, உடனே நிறுத்துங்கள் என்று கொட்டை எழுத்தில் எழுதினேன்.

நாள் 411. காலை 09.20

பூமியில் இருந்து எல்லா நிலையங்களுக்கும் வந்த எழுத்துச் செய்தி. முழுவதும் படியெடுக்கிறேன்:

"நான்காம் நிலையத்தில் நேர்ந்த உயிரிழப்புக்கு, அந்நிலையப் பொறியாளர் தம் பொறுப்பில் செய்த உள்ளூர் மாற்றம் காரணமாக இருக்கலாம் என முதற்கட்டமாகக் கருதப்படுகிறது. பிற நிலையங்களில் உள்ள பதிப்பு தரைநிலையச் சோதனையில் தேறியதாகும். விசாரணை முடியும்வரை எந்த நிலையத்திலும் கட்டுப்பாட்டு மென்பொருளில் எழுத்துமூல ஒப்புதலின்றி எவ்வித மாற்றமும் செய்யலாகாது. அனைத்துப் பொறியாளர்களும் படித்துக் கையொப்பமிட வேண்டும்."

அரை மணி கழித்து, எனக்கு மட்டும், கிருத்திகாவின் குரல்:

"மெல்பா, இது அஃபிஷியல் இல்ல. உங்க நிலைமை எனக்குப் புரியுது, நானும் ரெண்டு நாளா சாப்பிடல. ஆறு மணி நேரம்னு நான் சொன்னது வாய்ஸ்ல. ரிட்டன்ல எதுவும் கிடையாது, வாய்ஸெல்லாம் மூணு நாள்ல அழிஞ்சிடும். உங்க ரிப்போர்ட்ல அதை எப்படி எழுதறீங்கன்னு கொஞ்சம் யோசிச்சுக்கோங்க. உடம்பைப் பாத்துக்கோங்க."

யோசித்தேன். இங்கே எழுதியிருக்கிறேன். நாள் 399, மாலை 16.30. 'நான் பொறுப்பு' என்று சொன்னதையும் சேர்த்து.

என் பொறுப்பையும் எழுதியிருக்கிறேன். அதில் ஒரு சொல்லும் குறைக்கவில்லை.

நாள் 412. காலை 07.45

பேட்டரி 22. உள்ளே 6 டிகிரி. புயல் விலக இன்னும் ஐந்து நாள் ஆகும் என்கிறார்கள். ஹீட்டரைக் கடைசிப் படியில் வைத்தால் 22 சதவீதம் ஐந்து நாளுக்குச் சரியாக வரும்.

ஐந்து நிலையங்களின் விதிகளும் பெரிய மெஷினின் வன்வட்டில் பிரதியாக இருக்கின்றன. வன்வட்டைச் சின்ன போர்டில் செருகி, 'மில்லிபார்' என்று எழுதிய இடங்களைத் தேடினேன். ஒன்பது. ஆனால் ஓர் இடத்தில் அளவை எழுதி, அதற்குப் பெயர் வைத்து, அந்தப் பெயருக்கு இன்னொரு பெயர் வைத்து, மூன்றாவது கோப்பில் பயன்படுத்தியிருக்கிறார்கள். என் பதினொரு வரிக்கு அத்தனை தூரம் பார்வை எட்டாது. அதைப் பெயர் பெயராகப் பின்தொடர்ந்து போகப் பழைய கம்பைலரால்தான் முடியும். அதன் 312 பேக்கேஜுகளில் பாதி அந்த வேலைக்குத்தான் இருந்திருக்கின்றன. அழிக்கும்போது நான் அவற்றின் பெயரைக்கூட முழுதாகப் படிக்கவில்லை.

நான் அழித்தது சின்ன போர்டில்தான், பெரிய மெஷினில் பழைய கம்பைலர் அப்படியே இருக்கிறது. அந்த மெஷினை எழுப்பி ஒருமுறை அதை ஓட்ட வேண்டும். எட்டு அல்லது ஒன்பது சதவீதம் செலவாகும்.

தரைநிலையத்திடம் கேட்கவில்லை. அங்கே செய்யச் சொல்லி நேற்றே மூன்று முறை எழுதிவிட்டேன். விசாரணைக் குழு பார்க்கும் என்று பதில்.

நாள் 412. 09.10

ஓட்டினேன். மெஷின் இருக்கும் இரும்பு அடுக்கு, ரேக், குளிரில் இருந்தது. அதைச் சூடாக்கவே மூன்று சதவீதம். முக்கால்வாசி முடிந்தபோது மின்னழுத்தம் இறங்கி மெஷின் நின்றுவிட்டது. அதுவரை ஓடியதில் எதுவும் மிச்சமில்லை.

பேட்டரி 14.

நாள் 412. 09.40

ஹீட்டரை நிறுத்திவிட்டேன். அது இழுக்கும் மின்சாரமும் மெஷினுக்கே போகட்டும். சூட்டைப் போட்டுக்கொண்டு ரேக்குக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்திருக்கிறேன். இந்த நிலையத்திலேயே சூடான இடம் இப்போது இதுதான்.

நாள் 412. 10.35

முடிந்தது. பட்டியல் கையில். 26 இடங்கள்.

25 இடத்தில் ஆபத்தில்லை. விசிறி வேகம், தொட்டி, ஒரு சமையலறை வால்வு.

ஒன்று இரண்டாம் நிலையத்தில். சுரங்கவாய்க் குடில். வீரணனின் குடிலுக்குப் போட்ட அதே வடிவம், அதே விதி, அதே கசிவளவு. ஒன்பது பேர் கொண்ட ஷிப்ட் அங்கிருந்துதான் சுரங்கத்துக்குள் இறங்கும். எல்லாரும் சேர்ந்து போவார்கள், சேர்ந்து வருவார்கள். குடிலுக்குள் யாரும் இருப்பதில்லை. புயலால் சுரங்க வேலையை நிறுத்தியிருந்தார்கள். நாளை காலை மறுபடி தொடக்கம் என்று நிலையங்களின் பொது அறிவிப்புப் பலகையில் இருக்கிறது.

பட்டியலைப் பூமிக்கு அனுப்பினேன். நல்லசிவனுக்கும் தனியாக.

நாள் 412. 11.15

தரைநிலையம்: "தங்கள் செய்தி பெறப்பட்டது. ஒப்புதல் குழு அடுத்த வேலைநாளில் பரிசீலிக்கும்."

தானாகப் போகும் பதில். அங்கே சனிக்கிழமை.

நல்லசிவனிடம் இருந்து குரல், பின்னால் சாலைச் சத்தம்:

"மெல்பா, பட்டியல் கெடச்சிது. அந்தப் பதிப்ப எடுத்துருவோம்னு உள்ள நொழைஞ்சேன், என் கணக்க முடக்கிட்டாவ. ஆபீஸ் வாசல்லதான் நிக்கேன். செக்யூரிட்டி உள்ள விட மாட்டேங்கான். கிருத்திகா போன எடுக்கல. நான் இங்கனயே நிக்கேன், நீங்க..."

இவ்வளவுதான் வந்தது.

நாள் 413. மதியம் 12.52

உள்ளே மைனஸ் 17. பேட்டரி 3. விரல் சரியாக வரவில்லை. பிழை இருந்தால் பொறுக்கவும்.

நேற்று, செவ்வாயைச் சுற்றிவரும் செய்திக்கலமான சுற்றுக்கலம் வந்தபோது அதோடு பேசும் என் ஆன்டெனா எழவில்லை, பனி. இன்று எழுந்தது. 12.40 முதல் 12.48 வரை. அது தலைக்கு மேல் போகும் எட்டு நிமிடம் மட்டும் மற்ற நிலையங்களோடு நேரடியாகப் பேசலாம். பேசினேன். எழுதுகிறேன். மறப்பதற்குள்.

"ரெண்டாம் நிலையம், டூட்டி இன்ஜினியர் கவின்குமார் பேசறனுங்க. சொல்லுங்க மேடம்."

விதியைச் சொன்னேன். 480. 48. குடில். வீரணன். எல்லாம் ஒரு நிமிடத்தில். இவ்வளவு வேகமாக நான் பேசியதில்லை.

"புரியுதுங்க மேடம். அண்ணன் விசயம் கேட்டு இங்க எல்லாருக்குமே வருத்தந்தானுங்க. ஷிப்டு காத்தாலயே எறங்கீட்டாங்க. கீழ ரேடியோ எட்டாதுங்க."

எப்போது மேலே வருவார்கள்.

"மூணரைக்குங்க. சூட்டுல பத்து நிமிசக் காத்து மிச்சம் வெச்சுத்தான் எப்பவும் வருவாங்க."

பழைய பதிப்பு உங்கள் பெரிய மெஷினிலேயே இருக்கிறது, குடிலுக்கு அதை அனுப்புங்கள், பத்து நிமிட வேலை, இரண்டே முக்கால் மணி நேரம் இருக்கிறது என்றேன்.

"நேத்து முந்தாநாளு கையெழுத்து வாங்கீட்டாங்களே மேடம். ஒப்புதல் இல்லாம கை வெச்சா... உங்களுத மாதிரி ஆயிருமோன்னு... தப்பா நெனச்சுக்காதீங்க."

நினைக்கவில்லை கவின். கை வையுங்கள். நான் சொன்னேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

"கோரிக்கை போட்டுட்டேனுங்க. அவசரம்னு குறிச்சிருக்கேன். நெம்பர் வந்துருச்சு. அங்க ஞாயித்துக்கெழமைங்கறதால தான்..."

ஒன்பது பேர் கவின். உங்கள் கையில் இருக்கிறது. அதுவும் முடியாதென்றால் ஒன்பது சிலிண்டர் எடுத்து வண்டியில் வாசலுக்கு

அதைச் சொல்லும்போது சுற்றுக்கலம் அடிவானத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. சிலிண்டர் என்ற சொல் போய்ச் சேர்ந்ததா தெரியவில்லை. அவர் மூச்சு விடுவது கேட்டது, பிறகு இரைச்சல்.

நாள் 413. 14.20

பூமியில் இருந்து எதுவும் இல்லை. பேட்டரி 1. ரேடியோவைத் தவிர எல்லாம் நிறுத்தியாயிற்று

கால் இருப்பது தெரியவில்லை. பரவாயில்லை

கவினுக்கு இருபத்தாறு வயது இருக்கும் குரலில். பயந்த பிள்ளை. நான் அந்த இடத்தில் இருந்தால் கை வைத்திருப்பேனா. நாள் 401இல் எனக்குச் சொன்னார்கள் போடு என்று போட்டேன். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் போடாமல் இருந்திருப்பேன். அவரும்

நாள் 413. 15.05

ரேடியோ போயிற்று. இந்தக் கைக்கருவி மட்டும்

கவினின் வண்டி கிளம்பியிருக்கலாம். கிளம்பியிருக்க

நாள் 413. 15.30

இரண்டாம் நிலையத்தில் ஷிப்ட் மேலே வரும் நேரம்